கரையாத களி



நீலகிரியைப் பற்றி வானொலியில் பேச வருவோர் தேயிலையைப் பற்றியோ, தோடர்களின் மந்துகளைப் பற்றியோ, மேட்டுப்பாளையத்திலிருந்து பற்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு மலையேறும் ரயிலைப் பற்றியோ பேசுவது வழக்கம். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் களி. கேழ்வரகுக் களி அன்று. எலும்பிலிருந்து பிறந்து, வெள்ளியைச் சுமந்து, நம் முன்னோர் முகங்களைக் காத்து வைத்திருக்கும் களி. அந்தக் களியை நீரில் கரையாதபடி செய்யும் வித்தையைச் சுற்றி உதகமண்டலத்தில் ஒரு பெரிய ஆலையே எழுந்து, வாழ்ந்து, ஓய்ந்தது. அந்த வித்தையின் வரலாற்றையே சொல்லப் போகிறேன். ஆனால் கதை நீலகிரியில் தொடங்கவில்லை. மதுரையின் வெயிலில் தொடங்குகிறது.

1966-ஆம் ஆண்டு சித்திரைத் திருவிழா. எனக்கு அப்போது பத்து வயது. என் தாய்மாமன் மதுரையில் சிறியதொரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று காலையில், கிராமத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தார் தங்கள் பாட்டனாரை நாற்காலியில் அமர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். கோடையில் ஸ்டூடியோக்காரர்களின் உயிர்நாடி பனிக்கட்டி. மரத்தூளில் பொதிந்த பனிக்கட்டியை வாங்கி வந்து, படம் கழுவும் தட்டுகளை அதன்மேல் வைத்தால்தான் வேலை நடக்கும். அன்று பனிக்கட்டி வாங்கி வர என்னை அனுப்பினார் மாமா. நான் கூட்டத்தில் கலந்து, தண்ணீர் பீய்ச்சுகிறவர்களை வேடிக்கை பார்த்து நின்றுவிட்டேன். வீடு திரும்பியபோது மாமா பொறுமையிழந்து குழாய்த் தண்ணீரிலேயே வேலையைத் தொடங்கியிருந்தார். சிவப்பு விளக்கின் மங்கிய ஒளியில் நான் கண்ட காட்சி இன்றும் கண்ணை விட்டு அகலவில்லை. பாட்டனாரின் உருவம் கண்ணாடியை விட்டுப் பிரிந்து, பாலாடை போல் சுருங்கித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. மாமா அதை விரலால் பிடிக்க முயன்றார். அது விரலிடுக்கில் வழிந்து போயிற்று.

ஒரு மாதம் கழித்து அந்தக் குடும்பத்தார் படம் வாங்க வந்தார்கள். பாட்டனார் இறந்து பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. மாமா பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. மாமா என்னை ஒரு சொல் கடிந்து கூறவில்லை. கூறியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அன்று தட்டில் மிதந்தது யாது? ஜெலாட்டின் என்னும் பொருள். மாட்டெலும்பை நொறுக்கி, அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்கினால் எஞ்சும் மெத்தென்ற பொருளுக்கு ஒசீன் என்று பெயர். அதைச் சுண்ணாம்பு நீரில் வாரக்கணக்கில் பதப்படுத்தி, பின்னர் வெந்நீரில் இட்டால் ஜெலாட்டின் இறங்கும். ஆட்டுக்கால் சூப்பை ஆறவைத்தால் தளதளவென்று உறைகிறதே, அதுவும் இதன் உறவே. குளிர்ந்த நீரில் இட்டால் ஜெலாட்டின் தன் எடையைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு நீரைக் குடித்து ஊதும், ஆனால் கரையாது. நீரின் சூடு சுமார் 35 டிகிரியைத் தாண்டினால் கரைந்து ஓடிவிடும். மதுரைக் குழாயில் சித்திரை மாதத்து நண்பகலில் வரும் நீர் இந்த எல்லையை எட்டிப் பிடித்துவிடும். இங்கிலாந்தின் குளிரில் பிறந்த ஒரு தொழில் நம் நாட்டு வெயிலில் பட்ட பாட்டை இந்த ஒரு கணக்கே சொல்லும்.

இங்கிலாந்து என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1871-ஆம் ஆண்டில் ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், வெள்ளி புரோமைடை ஜெலாட்டினில் கலந்து கண்ணாடியில் பூசிப் படமெடுக்கலாம் என்று எழுதி வெளியிட்டார். அதற்கு முன்னர் படமெடுப்பவர், கொலோடியன் என்னும் கரைசலைக் கண்ணாடியில் ஊற்றி, ஈரம் காயுமுன் படமெடுத்து, ஈரம் காயுமுன் கழுவியும் ஆகவேண்டும். ஆகவே கூடாரத்தையும் மருந்துப் புட்டிகளையும் கூலியாட்களின் தலையில் ஏற்றிக்கொண்டு மலையேற வேண்டியிருந்தது. 1875 முதல் உதகமண்டலத்தில் தொழில் நடத்திய ஏ. டி. டபிள்யூ. பென் என்பவர் இந்த இரு காலங்களுக்கும் இடையில் நின்றவர். நீலகிரியின் மலைச்சரிவுகளையும் தோடர்களையும் அவர் எடுத்த படங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஜெலாட்டின் பூசிய உலர்தட்டு வந்ததும் இந்தக் கூடாரச் சுமை ஒழிந்தது. பெட்டியில் அடுக்கிக்கொண்டு போகலாம். வீடு திரும்பி, ஓய்வாகக் கழுவலாம்.

ஆனால் சுமை குறைந்த இடத்தில் கவலை ஏறி அமர்ந்தது. வெப்ப நாடுகளில் ஜெலாட்டின் தட்டின் ஓரங்கள் சேலைக் கொசுவம் போல் மடிந்து எழுந்தன. சில வேளை முழுப்படலமும் கழன்று போயிற்று. என் மாமாவின் தட்டில் நேர்ந்தது புதுமையன்று. எண்பது ஆண்டுகளாக நம் நாட்டு ஸ்டூடியோக்காரர்கள் பட்டு வந்த துன்பமே.

இங்கே சற்று வழி விலகி ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஜெலாட்டினைப் போல் அடக்கமாயிருந்து ஆட்டிவைத்த பொருள் வேறொன்று இல்லை. 1882-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மனின் தட்டுகள் திடீரென்று ஒளியை ஏற்க மறுத்தன. அவர் எத்தனையோ சோதனைகள் செய்தும் காரணம் விளங்காமல், கடல் கடந்து இங்கிலாந்துக்கே சென்று பார்த்தபின்தான் குற்றம் ஜெலாட்டின் சரக்கில் என்று தெரிந்தது. ஒரு சரக்கு நல்ல படம் தருகிறது, மற்றொன்று தருவதில்லை, ஏன்? நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எவருக்கும் விடை தெரியவில்லை. 1925-ஆம் ஆண்டில் ஷெப்பர்டு என்னும் விஞ்ஞானி, கோடக் ஆராய்ச்சிக் கூடத்தில் அதைக் கண்டுபிடித்தார். மாடுகள் மேய்ந்த கடுகுச் செடியின் காரச் சத்திலுள்ள கந்தகம், மிக மிகச் சிறிய அளவில் ஜெலாட்டினில் தங்கி, வெள்ளி புரோமைடுப் படிகத்துக்கு ஒளி உணரும் கூர்மையைத் தருகிறதாம்! மாடு எதை மேய்ந்தது என்பதைப் பொறுத்து மணமகளின் முகம் தெளிவாக விழுவதும் விழாததும் அமைந்தது என்றால், நம் பாட்டிமார் நம்பியிருப்பார்கள்; விஞ்ஞானிகள் நம்பத்தான் நாளாயிற்று.

ஜெலாட்டின் குளிரில் உறைவதும் சூட்டில் கரைவதும் ஏன் என்ற கேள்விக்கு விடை சொன்னதில் நம் சென்னைக்குப் பெரும்பங்கு உண்டு. 1952-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பெளதிகப் பேராசிரியராக வந்த ஜி. என். ராமச்சந்திரனிடம், அவ்வாண்டு சென்னைக்கு வந்திருந்த பெர்னால் என்னும் ஆங்கில விஞ்ஞானி, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று சொன்னார். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதில் முனைந்தார்கள். அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருந்தது பெருந்துணையாயிற்று. கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ்ரே கதிரில் காட்டி ஆராய்ந்து, கொலாஜன் என்பது மூன்று புரிகள் முறுக்கிய கயிறு என்று 1954-இல் அறிவித்தார்கள். மறு ஆண்டில் அதைத் திருத்தி மேலும் செம்மைப்படுத்தினார்கள்.

இந்த முப்புரிக் கயிற்றை மனத்தில் வைத்துக்கொண்டால் எல்லாம் எளிதாகிவிடும். எலும்பை வெந்நீரில் இடும்போது கயிறு பிரிந்து தனித்தனி இழைகளாகிறது, அதுதான் ஜெலாட்டின். நீர் குளிரும்போது இழைகள் பழைய நினைவில் ஆங்காங்கே மீண்டும் முறுக்கிக்கொள்கின்றன. ஓர் இழை இங்கே ஒன்றோடும் அங்கே வேறொன்றோடும் முறுக்கிக்கொள்வதால் வலை உண்டாகிறது. வலையின் கண்களில் நீர் சிக்கிக்கொள்கிறது. இதுவே களி. மீண்டும் சூடேற்றினால் முறுக்கு அவிழ்கிறது, வலை சிதைகிறது, பாட்டனார் நீரோடு போகிறார். ஆகவே வேண்டுவது யாது? சூட்டில் அவிழாத முடிச்சு. இழைக்கும் இழைக்கும் நடுவே நிலையான பாலம். ரசாயன நூல்களில் இதற்குக் குறுக்குப் பிணைப்பு என்று பெயர்.

இந்தப் பாலத்தை, என்ன செய்கிறோம் என்று அறியாமலேயே, நம்மவர் பல காலமாகக் கட்டி வந்திருக்கிறார்கள். ஆவாரம் பட்டையில் தோலைப் பதனிட்ட திண்டுக்கல்காரர்களும் வாணியம்பாடிக்காரர்களும் செய்தது அதுவே. தோலும் கொலாஜன், பட்டையின் துவர்ப்புச் சத்து அதன் இழைகளைப் பிணைத்து, நீரில் அழுகாமல் காத்தது. பிற்காலத்தில் குரோமிய உப்பு அந்த வேலையைச் செய்தது. போட்டோக்காரர்கள் கையாண்டதும் அதே சரக்குதான். குரோமப் படிகாரத்தை நீரில் கரைத்து அதில் படத்தை முக்கினால், குரோமியம் ஜெலாட்டின் இழைகளின் அமிலக் கைகளைப் பற்றி இணைக்கும். 1890-களிலிருந்து பார்மலினும் வழக்குக்கு வந்தது. அது இழைகளின் மற்றொரு வகைக் கைகளை, அமீன் என்னும் கைகளை, ஒரே ஒரு கரி அணுவாலான சிறு பாலத்தால் கோத்துவிடும். பார்மலினில் நன்கு தோய்ந்த படலம் கொதிநீரிலும் கரையாது. என் மாமாவின் இருட்டறையிலும் ஒரு பார்மலின் புட்டி இருந்தது. அந்த நெடி கண்ணில் நீரை வரவழைக்கும். பனிக்கட்டி உள்ளவரையில் அது வேண்டியதில்லை என்று அவர் எண்ணியிருந்தார். அந்த நெடி புற்றுநோய்க்கும் காரணமாகும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் முடிவு கூறியது. அதற்குள் எத்தனையோ இருட்டறைக்காரர்கள் அதைச் சுவாசித்தே வாழ்ந்து முடித்துவிட்டார்கள்.

இனி நீலகிரிக்கு வருவோம்.

விடுதலைக்குப் பிறகு நம் நாட்டில் சினிமாப் பிலிம் ஒவ்வோர் அடியும் வெளிநாட்டிலிருந்து வந்தாக வேண்டியிருந்தது. எக்ஸ்ரே பிலிமும் அவ்வாறே. அன்னியச் செலாவணி அருமையாயிருந்த காலம் அது. காச நோயாளியின் மார்பைப் படமெடுக்கவும், திரைப்படம் எடுக்கவும் ஒரே கஜானாவிலிருந்து டாலரும் பவுனும் போகவேண்டும். ஆகவே இந்திய அரசாங்கம் 1960-ஆம் ஆண்டு இறுதியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. பிரான்சு நாட்டின் பௌஷே என்ற கம்பெனி தொழில்நுட்ப உதவி அளித்தது. ஆலைக்கு உதகமண்டலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கடல் மட்டத்துக்கு 7,000 அடிக்கு மேல், தூசியற்ற காற்றும் குளிர்ச்சியும் உள்ள இடம். பிலிமின்மேல் ஒரு தூசி விழுந்தால் எக்ஸ்ரேயில் அது நோயாகத் தோன்றுமல்லவா? 1967-இல் உற்பத்தி தொடங்கியது. சரக்குக்கு 'இந்து' என்று பெயர். இந்து என்றால் சந்திரன். பழைய ரசவாதிகள் வெள்ளியைச் சந்திரனின் உலோகம் என்று கருதினார்கள். பெயரிட்டவர்கள் அதை எண்ணினார்களோ இல்லையோ, பொருத்தமாகத்தான் அமைந்தது. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கும் இந்து நகர் என்றே பெயராயிற்று. சற்றுத் தொலைவில், சாண்டிநல்லாவில் எலும்பிலிருந்து ஜெலாட்டின் எடுக்கும் ஆலையும் ஒன்று நடந்தது. வெள்ளைக்காரர் காலத்திலேயே அருவங்காட்டில் கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்தது. அங்கே பஞ்சை நைட்ரிக அமிலத்தில் பதப்படுத்திக் களியாக்கினார்கள். பழைய சினிமாப் பிலிமின் அடித்தாளும் அதே நைட்ரேட்டுப் பஞ்சின் பிள்ளையே. ஆக, இந்தக் குளிர்ந்த மலைக்கும் களிக்கும் ஏதோ பூர்வஜன்ம உறவு இருக்கத்தான் வேண்டும்.

1975-ஆம் ஆண்டில், கல்லூரியில் ரசாயனம் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வகுப்பினர் சுற்றுலாவாகச் சென்று அந்த ஆலையைப் பார்த்தோம். பார்த்தோம் என்பது முழு உண்மையன்று. முக்கியமான பகுதிகளுக்குள் எங்களை விடவில்லை, விட்டாலும் ஒன்றும் தெரிந்திராது. அங்கே இருட்டிலேயே வேலை. வெள்ளி நைட்ரேட்டையும் புரோமைடையும் இளஞ்சூடான ஜெலாட்டின் கரைசலில் கலப்பதும், பதமாக வைப்பதும், கழுவுவதும், மைல் நீளப் பிலிமின்மேல் மயிரிழையினும் மெல்லிய பூச்சாகப் பூசுவதும் எல்லாம் இருட்டிலோ அதற்கு மிக அண்டிய மங்கலிலோ நடந்தன. சுவரைத் தொடாமல், ஒருவரையொருவர் இடிக்காமல், காலடி எண்ணிக்கையாலேயே அங்குள்ள தொழிலாளர்கள் நடமாடுவார்கள் என்று எங்களை அழைத்துச் சென்ற அலுவலர் சொன்னார். மாலையில் வேலை முடிந்து வெளியே வந்தவர்கள், நீலகிரியின் வெயிலுக்குக் கூசிக் கண்களைக் கைகளால் மறைத்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன்.

அந்த அலுவலரிடம் நான் மதுரைத் தட்டின் கதையைச் சொல்லாமல், பிலிமைக் கெட்டிப்படுத்தும் சரக்கை எப்போது சேர்ப்பீர்கள் என்று மட்டும் கேட்டேன். கடைசியில், பூசுவதற்குச் சற்று முன்னர் என்றார். முன்னதாகச் சேர்த்தால் அண்டாவிலேயே களி இறுகிவிடும். பிறகு அதைக் கரண்டியால்தான் வெட்டி எடுக்கவேண்டும். பூசியவுடன் குளிர்ந்த காற்றுப் பட்டு ஜெலாட்டின் உறைகிறது. அது முப்புரியின் முறுக்கு. பின்னர் உலர்ந்து, சுருளாகச் சுற்றப்பட்டுக் கிடங்கில் கிடக்கும் நாட்களில் மெல்ல மெல்ல ரசாயனப் பாலங்கள் விழுகின்றன. குளிரில் பிறக்கும் பிலிம் வெயிலில் கழுவப்படப் போகிறது. இங்கே கட்டும் முடிச்சு மதுரையில் அவிழக்கூடாது என்றும் அவர் சொன்னார். அவர் மதுரையை ஏன் குறிப்பிட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் பேருந்தின் முகப்பில் ஊர்ப்பெயர் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கலாம்.

பாலம் எத்தனை போடுவது என்பதில்தான் நுட்பமெல்லாம் அடங்கியிருக்கிறது. பிணைக்காத படலம் நீரில் பத்து மடங்கு ஊதி, நகம் பட்டால் கிழியும். மிகுதியாகப் பிணைத்தால் அது கொம்பு போல் விறைத்து, உருவேற்றும் மருந்தையே உள்ளே விடாது. வெள்ளி இருந்தும் படம் எழாது. இரண்டு மூன்று மடங்கு ஊதுமாறு அமைந்தால் மருந்தும் உள்ளே போகும், படலமும் நிலைக்கும். பார்மலினிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. அதற்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. கிடங்கில் மாதக்கணக்கில் இறுக்கிக்கொண்டே போகும். தை மாதத்தில் நன்றாயிருந்த பிலிம் ஆடி மாதத்தில் முறுக்கேறியிருக்கும். ஆகவே உலகத்துப் பிலிம் ரசாயனிகள் எல்லோரும், விரைவாகப் பிணைத்துவிட்டுப் பின்னர் சும்மா இருக்கக்கூடிய சரக்கைத் தேடினார்கள். மியூகோகுளோரிக் அமிலம் வந்தது. டிரையசீன்கள் வந்தன. வைனைல் சல்போன்கள் வந்தன. இவற்றில் பின்னிரண்டும் சாயத்தொழிலின் உறவினர். 1950-களின் பிற்பகுதியில் பருத்தித் துணியோடு ரசாயனமாகவே பிணைந்து, வெளுத்தாலும் போகாத புதுச் சாயங்கள் ஐரோப்பாவில் வந்தன. அவற்றின் கைகள் டிரையசீனும் வைனைல் சல்போனுமே. இன்று திருப்பூர்ச் சாயத்தொட்டியில் பனியனின் நிறத்தைப் பிடித்து நிறுத்தும் கைதான், பிலிமில் ஜெலாட்டினைப் பிடித்து நிறுத்தியது. ஒரு வேற்றுமை: சாயத்துக்கு ஒரு கை போதும், ஒரு புறம் துணியைப் பற்றினால் வேலை தீர்ந்தது. பாலத்துக்கு இரண்டு கை வேண்டும்.

மருத்துவமனைகளில் எக்ஸ்ரே பிலிமைக் கையால் கழுவும் முறை மாறி, உருளைகளுக்கிடையே ஓடவிட்டுக் கழுவும் இயந்திரம் 1956-இல் அமெரிக்காவில் வந்ததும் சோதனை இன்னும் கடுமையாயிற்று. சூடான மருந்தில், ரப்பர் உருளைகளின் அழுத்தத்தில், சில நிமிடங்களில் பிலிம் ஓடி வெளிவர வேண்டும். அந்த மருந்திலேயே குளுட்டரால்டிஹைடு என்னும் இருகைச் சரக்கைச் சேர்த்து, ஓடும்போதே படலத்தை இறுக்கினார்கள்.

இத்தனை நேரமும் ஊதாமல் தடுப்பதைப் பற்றியே பேசினேன். இதே வித்தையைத் தலைகீழாகத் திருப்பியவர்களும் உண்டு. அதை விளங்கிக்கொள்ள மதுரைக்கே மீண்டும் செல்லவேண்டும். ஜிகர்தண்டாவில் இடும் பாதாம் பிசினை எல்லோரும் அறிவோம். இரவில் நாலைந்து கட்டியை ஊறப்போட்டால் விடியற்காலையில் கிண்ணம் நிறைந்திருக்கும். அவ்வளவு நீரைக் குடித்தும் அது கரைந்து போவதில்லை. இயற்கை அதன் இழைகளை மிகச் சிலவிடங்களில் மட்டும் பிணைத்து வைத்திருக்கிறது. பாலங்கள் அடர்ந்தால் தோல், நடுத்தரமாயிருந்தால் பிலிம், அருகியிருந்தால் பிசின். பிணைப்பின் அளவுக்கும் ஊதும் அளவுக்கும் உள்ள கணக்கை அமெரிக்காவில் பால் பிளோரியும் ரேனரும் 1943-இல் எழுதிக் காட்டினார்கள். 1970-களில் அந்நாட்டு விவசாய இலாகாவின் பியோரியா ஆராய்ச்சிக் கூடத்தில், மக்காச்சோள மாவோடு செயற்கை இழையைப் பிணைத்து, தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு நீரைக் குடிக்கும் பொருளைச் செய்தார்கள். இன்று குழந்தைகளின் அணையாடையில் உள்ள வெண்மணிகள் அந்த வழியில் வந்தவை. பெரும்பாலும் அக்ரிலிக் அமிலத்தின் இழைகள். அவ்விழைகளில் நூற்றுக்கணக்கான கண்ணிகளுக்கு ஒரு பாலம் இருந்தால் போதும். அந்த ஒரு பாலமும் இல்லையேல் மணி நீரில் வழவழத்துக் கரைந்துபோகும். இவ்வகைக் களிகளுக்கு உதவும் பாலச் சரக்குகளுள் மெத்திலீன் பிஸ் அக்ரிலமைடு என்று ஒன்று உண்டு. பெயர் நீளமாயினும் பிறப்பு எளிது: இரண்டு அக்ரிலமைடு மூலக்கூறுகளை ஒரு பார்மால்டிஹைடு கோத்தது. என் மாமாவின் புட்டியில் கண்ணைக் கரித்த அதே ஒற்றைக் கரி அணுப் பாலந்தான்!

தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகமும் செல்லுலோசிலிருந்து பூசா ஹைடிரோஜெல் என்னும் நீருறிஞ்சிக் களியைச் செய்திருக்கிறது. தன் எடையைப்போல் 350 மடங்கு நீரைக் கொள்ளுமாம். மானாவாரி நிலத்துக்கென்றே செய்தது. நடவுக் குழியில் இத்தகைய மணிகளை இட்டு, கன்றின் வேரடியில் ஈரத்தைத் தேக்கும் முறை பல நாடுகளில் உண்டு. தை பிறந்து பங்குனி முடியும்வரை மழை காணாமல், இரவில் உறைபனியும் பகலில் கடும் வெயிலும் படும் நீலகிரித் தோட்டக்காரர்கள் இதைக் கேட்டால் காது கொடுப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் விளம்பரத்தில் சொல்லும் மடங்கு வடிநீரில் கண்ட மடங்கு என்பதை நினைவில் வைக்கவேண்டும். உப்பு கலந்தால் களியின் தாகம் பத்தில் ஒன்றாய்க் கூடச் சுருங்கிவிடும். உரமிட்ட மண்ணின் நீர் வடிநீர் ஆகாது. நான் சோதனைக்குழாயில் செய்து பார்த்துச் சொல்கிறேன்.

உதகை ஆலையின் பிற்காலத்தைச் சுருக்கமாகவே சொல்வேன். நீட்டிச் சொல்ல மனம் இல்லை. வண்ணப் படம் வந்தபோது ஆலை அதில் நிலைகொள்ளவில்லை. பாலியெஸ்டர் அடித்தளத்தில் எக்ஸ்ரே பிலிம் செய்ய எடுத்த பெருந்திட்டத்தின் கடன் தலைக்கு மேல் ஏறிற்று. இறக்குமதிக் கதவு திறந்தது. 1990-களில் அது நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. அதன்பின் படலமே வேண்டாத எண்முறைக் காமிரா வந்தது. 2014-இல் மத்திய அமைச்சரவை, எஞ்சிய ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. அவர்களுள் பலர் இருட்டிலேயே பணிக்காலத்தைக் கழித்தவர்கள். தவறு யாருடையது என்று விவாதிப்போர் இருக்கிறார்கள். காலம் மாறியது உண்மை. மாறும் காலத்துக்கு ஏற்றதை முன்பே செய்திருக்கலாம் என்பதும் உண்மை. களியைப் பிணைக்கும் வித்தையில் கைதேர்ந்த மனிதர்கள் ஒரு மலைமேல் கூடியிருந்தார்கள். அதே வித்தை கண்ணில் அணியும் மென்வில்லையாகவும், புண்ணுக்கு இடும் களிக்கட்டாகவும், வயலுக்கு இடும் மணியாகவும் உலகெங்கும் வளர்ந்துகொண்டிருந்தது. இந்து நகரில் அது பிலிமோடு நின்றுவிட்டது. எனக்கு இது ஆலை மூடியதைவிட வருத்தம் தருகிறது.

மாமா காலமான பிறகு, அவருடைய பெட்டியில் 'இந்து' புரோமைடுத் தாள் ஒரு பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. பல ஆண்டுகள் அதை நானும் பிரிக்கவில்லை. சென்ற சித்திரையில், மதுரையில் வெயில் உச்சியில் நின்ற ஒரு நாள், கதவுகளை அடைத்துச் சிவப்பு விளக்கை ஏற்றி ஒரு தாளை எடுத்தேன். உருவேற்றும் மருந்தில் இட்டதும் அது முழுவதும் சாம்பல் நிறமாயிற்று. ஒளியை வாங்கும் ஆற்றல் அதற்கு எப்போதோ போயிருந்தது. அதைக் கழுவினேன். குழாயில் வந்த நீர் கையைச் சுட்டது. படலம் அசையவில்லை. அடுப்பில் நீரைக் கொதிக்கவைத்து அதிலும் இட்டேன். பின்னர் எடுத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். வழவழப்பு சிறிதும் இல்லை. களி தாளோடு இருந்தது.